பாட்டுப் புத்தகம் புத்தகம் இல்லையாம்!

டிஸ்கி: நீளமான பதிவு. கோபமான பதிவும்கூட. அவசரமா இருக்கிறவங்க அப்புறமா வாங்க.

போன வாரம் நம்ம நண்பர் ஒருத்தர், "எம்.ஜி.ஆரின் முதல் படமே சுட்ட படம்தான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிட்டுப் போயிட்டார். கீழே முப்பது பேர் 'கலக்கல் தல', 'தூள்' என்று வரிசை கட்டி நின்னாங்க. ஆதாரம் என்னன்னு ஒருத்தர்கூட கேட்கலை. நான் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத என் கோபம் நண்பர் மேலிருந்து நழுவி வேற ஒரு இடத்துக்குப் போயிடுச்சு. அந்த இடம் பல்கலைக்கழக நூலகம். எப்படிப் போச்சுன்னு சொல்றேன்.

முதல்ல படத்தை முடிச்சிடுவோம். 'சதி லீலாவதி', 1936. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாதவர், இயக்கியது. எம்.கே. ராதா கதாநாயகன். எம்.ஜி.ஆருக்கு ஒரு சின்ன போலீஸ் வேஷம். கதை எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. அதே சமயத்துல கிருஷ்ணசாமிப் பாவலரின் 'பதிபக்தி' நாடகமும் படமாச்சு. இரண்டு கதையும் ஒண்ணு மாதிரி இருக்கேன்னு 'பதிபக்தி' தரப்பு கோர்ட்டுக்குப் போனாங்க. வாசன் சாட்சி சொன்னார்: ரெண்டுக்குமே மூலம் மிஸஸ் ஹென்றி உட் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவல். ஆக, தமிழ்ல யாரும் யாரையும் சுடலை, ரெண்டு பேரும் ஒரே கடையில சாமான் வாங்கியிருக்காங்க. வழக்கு அதோட அடங்கிச்சு.

இது வரைக்கும் தேடினால் எல்லாருக்கும் கிடைக்கும். இதுக்கு அப்புறம்தான் விஷயமே.

நான் இங்கே அமெரிக்காவுல ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துல படிச்சவன். படிப்பு முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. கணினித் துறைக்காரன், இலக்கியத்துக்கும் எனக்கும் பட்டச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனா பழைய மாணவன் என்ற அட்டை இருக்கு. அது இல்லாட்டியும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்க யாரும் தடுக்க மாட்டாங்க. யார் நீ, எதுக்கு வந்தேன்னு ஒரு கேள்வி கிடையாது. சனிக்கிழமை காலைல காபி ஃபிளாஸ்கோட போனா சாயங்காலம் வரைக்கும் அலமாரிகளுக்கு நடுவுல நடக்கலாம். நானே கையை நீட்டி எடுக்கலாம்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை 'டேன்ஸ்பரி ஹவுஸ்' எடுத்தேன். 1860இல் வந்த நாவல். ஸ்காட்லாந்தின் மதுவிலக்குச் சங்கம் ஒண்ணு போட்டி வெச்சு நூறு பவுண்டு பரிசு கொடுத்தது. குடிச்சா குடும்பம் எப்படி அழியும்னு பக்கம் பக்கமா பிரசாரம். சொல்லப்போனா மொக்கை. யாரும் இன்னைக்கு இதை இலக்கியம்னு பாடம் வைக்க மாட்டாங்க. நான் எடுத்த பிரதியில கடைசியா யார் எப்போ எடுத்தாங்கன்னு தேதி முத்திரை பார்த்தேன். எனக்கு முன்னாடி ஒருத்தர், நான் பிறக்கிறதுக்கும் முன்னாடி. ஆனாலும் அந்தப் புத்தகம் அலமாரியில இருந்தது. தூக்கிப் போடலை.

படிச்சு முடிச்சதும் ஒரு விஷயம் உறைச்சது. 'சதி லீலாவதி'யில கதாநாயகன் குடிச்சுக் கெட்டு, நண்பனைக் கொன்னுட்டோம்னு நினைச்சு, இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்துல கூலியா வேலை பார்க்கிறான். ஆங்கில நாவல்ல தேயிலையும் கிடையாது, தோட்டமும் கிடையாது. அதெல்லாம் நம்ம ஆட்கள் நம்ம வாழ்க்கையில இருந்து சேர்த்தது. 1930களில் ஒரு தமிழன் ஊரைவிட்டுத் தொலைஞ்சு போகணும்னா எங்கே போவான்? கண்டிக்கும் ஹட்டனுக்கும்தான். எது காப்பின்னு பார்க்கப் போனவனுக்கு, எது காப்பி இல்லைன்னு தெரிஞ்சுது. நண்பரோட ஒத்தை வரித் தீர்ப்புல தொலைஞ்சு போனது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு என்ன தேவைப்பட்டுச்சு? புத்திசாலித்தனம் இல்லை. மூணு மாடி ஏறி இறங்கினேன், அவ்வளவுதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி ஆங்கில நாவல் 'பி.ஆர்.' அலமாரியில. தமிழ் இலக்கியம் 'பி.எல்.' அலமாரியில, நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சத்துல, சீனம், ஜப்பானியம், ஆப்பிரிக்க மொழிகளுக்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனா. சினிமா 'பி.என். 1993'இல். அங்கேதான் சு. தியடோர் பாஸ்கரனின் 'தி மெஸேஜ் பேரர்ஸ்' இருந்தது, அதே 1981இல் வந்த கா. சிவத்தம்பியின் தமிழ் சினிமா நூலும் இருந்தது. 2001இல் வந்த டங்கனின் தன்வரலாறும் அந்த வரிசைதான். நான் தேடிப் போனது ஒண்ணு, பக்கத்துல நின்னதைப் பார்த்து எடுத்தது மூணு. அலமாரிக்கு நடுவுல நடக்க விட்டால்தான் இது நடக்கும். சீட்டு எழுதிக் கொடுத்து ஜன்னல்ல காத்திருந்தா, கேட்டது மட்டும்தான் வரும். அதுவும் வந்தால்.

(ஒரு இடைச்செருகல். அமெரிக்க நூலகக் கேட்டலாக்ல தமிழ்ப் பெயரைத் தேடுறது தனிக் கலை. நாம எழுதுற மாதிரி அடிச்சா பூஜ்யம். அவங்களுக்கு ஒரு ஒலிபெயர்ப்பு முறை இருக்கு. நம்ம எழுத்துக்கு எழுத்து, உச்சரிப்பைப் பத்திக் கவலை கிடையாது. 'சதி'க்கு சி, ஏ, டி, ஐ என்று அடிக்கணும். பூனை ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை :-) 'தியாகபூமி'யில 'த'வுக்கு வெறும் 'டி', 'எச்' போட்டா காலி. 'ஜி'க்குப் பதில் 'கே', 'பி-எச்'சுக்குப் பதில் 'பி'. இது தெரியாம முதல் ஒரு வருஷம் "இவனுங்ககிட்ட ஒரு தமிழ்ப் புத்தகமும் இல்லை"ன்னு திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.)

இப்போ ஊருக்கு வருவோம்.

கல்கியின் 'தியாகபூமி' உங்கள்ல பாதிப் பேர் படிச்சிருப்பீங்க. 1939இல் கே. சுப்பிரமணியம் படமா எடுத்தார். எஸ்.டி. சுப்புலட்சுமி, சம்பு சாஸ்திரியா பாபநாசம் சிவன், பேபி சரோஜா. அப்புறம் வெள்ளைக்கார அரசாங்கம் தடை பண்ணிச்சு. இந்தக் கதையில விசேஷம் என்னன்னா, விகடன்ல தொடரா வந்தப்போ ஓவியத்துக்குப் பதிலா படத்தின் புகைப்படங்களையே போட்டாங்க. வாரா வாரம் படிச்ச வாசகனுக்கு சாவித்திரின்னா சுப்புலட்சுமி முகம்தான். நாவல் படமாச்சா, படம் நாவலாச்சான்னு பிரிக்க முடியாத ஒரு பொருள் அது. ஆனா இன்னைக்குக் கடையில கிடைக்கிற சாதாரணப் பதிப்புகளை வாங்கிப் பாருங்க, வெறும் எழுத்து மட்டும்தான். 1939இல் ஜனங்க கையில இருந்த பொருளே வேற. அதைப் பார்க்கணும்னா பழைய விகடனைத்தான் பார்க்கணும்.

ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்தப்போ, பார்த்தே தீருவேன்னு தமிழ்நாட்டுல ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். பெயர் சொல்ல மாட்டேன். வாசல்லேயே "எந்த டிபார்ட்மென்ட்?" எந்த டிபார்ட்மென்ட்டும் இல்லைங்க, சும்மா படிக்கணும். "சும்மா படிக்கிறதுக்கு பப்ளிக் லைப்ரரி போங்க." தெரிஞ்ச பேராசிரியர் ஒருத்தர்கிட்ட கடிதம் வாங்கிட்டு மறுநாள் போனேன். கடிதத்துல 'இலக்கியமும் திரைப்படமும்'னு இருந்தது. படிச்சவர் நிமிர்ந்து பார்த்தார். "திரைப்படமா? லெட்டர்ல இலக்கியம்னு மட்டும் போட்டு வாங்கிட்டு வாங்களேன்." நிஜமா சொன்னார். மனுஷன் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது பண்றதாத்தான் நினைச்சார். சினிமான்னா மேல கையெழுத்து விழாதாம்.

மூணாம் நாள் வால்யூம் வந்துச்சு. பைண்டு பண்ணின விகடன். திறந்தேன். அட்டை ஒண்ணுகூட இல்லை. விளம்பரப் பக்கங்கள் இல்லை. கேட்டேன். "பைண்டிங்குக்குப் போறப்போ அட்டையையும் விளம்பரத்தையும் எடுத்துடுவோம் சார், தடிமன் குறையும்ல." சரி, தொடர்கதையாவது இருக்கான்னு புரட்டினேன். எழுத்து இருக்கு. படம் இருக்க வேண்டிய பல இடத்துல சதுரமா ஓட்டை. யாரோ பிளேடால சுத்தமா வெட்டி எடுத்திருக்காங்க. ஓட்டை வழியா பின்பக்கத்துச் சமையல் குறிப்பு தெரியுது.

பிளேடு போட்டவனை மன்னிச்சுடுவேன். எவனோ சுப்புலட்சுமி ரசிகன், ஆசையில வெட்டிட்டான். விளம்பரத்தையும் அட்டையையும் கிழிச்சது நூலகமே. எனக்கு ஆத்திரம் அது மேலதான். விளம்பரத்துல என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க? எந்தப் படம் எந்தத் தேதி எந்தக் கொட்டகையில வந்தது, எத்தனையாவது வாரம் ஓடுது, எந்த நாவலை எந்தப் பெயர்ல விற்றாங்க, படத்தோட விளம்பரத்துல எழுத்தாளர் பெயர் எவ்வளவு பெரிசா இருந்தது, எல்லாம். சினிமா வரலாறு எழுதுறவனுக்கு விளம்பரம்தான் கல்வெட்டு. அதைக் கிழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் பாதுகாக்கிறது, கோயில் சுவரை வெள்ளையடிச்சுட்டு மூலவரை மட்டும் வெச்சிருக்கிற மாதிரி. வெள்ளையடிச்ச கோயிலும் நம்ம ஊர்ல உண்டுதான்.

இப்போ சொந்தக் கதை. இதைச் சொல்லாம இந்தக் கோபம் உங்களுக்குப் புரியாது.

அம்மாவோட சித்தப்பா, எங்களுக்குச் சின்னத் தாத்தா, மன்னார்குடிப் பக்கம் டூரிங் டாக்கீஸ்ல டிக்கெட் கிழிச்சவர். டெண்ட் கொட்டாய் ஊர் ஊரா மாறும், அவரும் மாறுவார். அந்தக் காலத்துல கொட்டகை வாசல்ல படத்தோட பாட்டுப் புத்தகம் ஓரணா, ரெண்டணாவுக்கு விற்பாங்க. முன்பக்கம் நடிகர் பட்டியல், அப்புறம் கதைச்சுருக்கம், முக்கியமான இடத்துல 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'ன்னு ஒரு வெட்டு, அப்புறம் பாட்டெல்லாம். பின்அட்டையில தலைவலி மருந்தோ தையல் மெஷினோ விளம்பரம். சின்னத் தாத்தா ஒவ்வொரு படத்துக்கும் ஒண்ணு எடுத்து வெச்சுட்டார். மூணு தகரப்பெட்டி. நாங்க சின்னப் பசங்க அதைத் தொட்டா அடி விழும். சாயங்காலம் அவரே எடுத்து, பாட்டைப் பாடி, அந்தப் படம் எந்த ஊர்ல எத்தனை நாள் ஓடிச்சு, எந்தக் காட்சியில மழை வந்து கூட்டம் கலைஞ்சதுன்னு சொல்வார். பல புத்தகத்தோட ஓரத்துல பென்சில்ல ஊர்ப் பெயரும் தேதியும் எழுதியிருப்பார்.

1997இல் அவர் போயிட்டார். அடுத்த வருஷம் நானும் மாமாவும் ரெண்டு பெட்டியை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனோம். (மேலே சொன்னது இல்லை, இது வேற.) இலவசமாக் கொடுக்கத்தான். பெட்டியைத் திறந்து பார்த்த அலுவலர் சிரிச்சார்.

"தம்பி, இதெல்லாம் பாட்டுப் புஸ்தகம்."

"ஆமாங்க சார்."

"இதெல்லாம் புஸ்தகம் இல்லைப்பா. இதுக்கு எப்படி அக்ஸஷன் நம்பர் போடுறது? ஆடிட்காரன் கேட்டா நான் என்ன சொல்றது?"

மாமா ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்தார். "இது யூனிவர்சிட்டி சார்" என்று முடிச்சுட்டார். திரும்பி வந்தோம். மாமா வீட்டுல இடம் இல்லை, ஒரு பெட்டியில கரையான் வேற. மழைக்காலம் முடிஞ்சதும் பழைய பேப்பர்காரருக்குப் போச்சு. கிலோ மூணு ரூபாய்னு ஞாபகம். அந்தக் காசுல என்ன வாங்கினோம்னு ஞாபகம் இல்லை. அப்போ எனக்கும் அது பெரிய விஷயமாப் படலை. அதையும் சொல்லிடணும். அந்த அலுவலர் மாதிரிதான் நானும் இருந்தேன்.

பல வருஷம் கழிச்சு, இங்கே கேட்டலாக்ல எதையோ தேடப்போய், தமிழ்ப் படப் பாட்டுப் புத்தகங்கள் மைக்ரோஃபிலிம்ல வரிசையா வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் தலைப்பு, அச்சகம், பக்க எண்ணிக்கை, அளவு சென்டிமீட்டர்ல. புத்தகம் இல்லைன்னு சொன்ன பொருளை ஒருத்தன் ஸ்கேல் வெச்சு அளந்திருக்கான்! அதுல மூணு தலைப்பு சின்னத் தாத்தா பெட்டியில பார்த்தது. எழுந்து வெளியே போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

உடனே "பார்த்தியா, நம்ம பொக்கிஷத்தை எல்லாம் அமெரிக்காக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேளுங்க.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல தமிழ்ப் புத்தகம் குவிஞ்சது கோதுமையால. 1954இல் வந்த பொதுச் சட்டம் 480. அந்தச் சட்டப்படி அவங்க உபரி தானியத்தை நாம ரூபாய்ல விலை கொடுத்து வாங்கினோம். ரேஷன் கடையில பாட்டி மூக்கைச் சுளிச்சுக்கிட்டு வாங்கின 'மைலோ' சோளம்கூட அந்த வழியில வந்ததுதான். அந்த ரூபாயை இந்தியாவுக்குள்ளேதான் செலவழிக்க முடியும். அதுல ஒரு பங்கை வெச்சு, 1962இல் இருந்து காங்கிரஸ் நூலகம் இந்தியாவுல புத்தகம் வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சது. தமிழும் உண்டு. நான் போற நூலகத்துல க.நா.சு.வுக்குப் பக்கத்துல துப்பறியும் நாவலும், அதுக்குப் பக்கத்துல ஏதோ ஒரு ஊர்க் கோயில் தலபுராணமும் நிக்குது. பெரிய ரசனை எல்லாம் ஒண்ணும் இல்லை, வலையை அகலமா வீசினாங்க, அவ்வளவுதான். அந்த ரசனையின்மைதான் நமக்கு அதிர்ஷ்டமாப் போச்சு. அவங்களுக்குச் சொந்த லாபக் கணக்கு இருந்திருக்கும், பனிப்போர்க் காலம், நான் ஒண்ணும் மறுக்கலை. ஆனா புத்தகத்தை யாரும் திருடிட்டுப் போகலை. கடையில வாங்கினான். அதே கடையில நம்ம பல்கலைக்கழகமும் வாங்கியிருக்கலாம்.

பாட்டுப் புத்தகக் கதை இன்னும் சுவாரசியம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளா சேர்த்தது. புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், எதையும் விடலை. 1992இல் அவர் இறந்த பிறகு, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கிச்சு. வாங்கிட்டு கப்பல்ல ஏத்தலை. சென்னையிலேயே ஒரு ஆராய்ச்சி நூலகமா வெச்சு, மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க. ரோஜா முத்தையா நூலகம் இன்னைக்கும் தரமணியில இருக்கு. அள்ளிட்டுப் போனான்னு சொல்ற எத்தனை பேர் அந்தப் படியை மிதிச்சிருக்கீங்க?

யோசிச்சுப் பாருங்க. சின்னத் தாத்தாவும் செட்டியாரும் ஒரே மாதிரி கிறுக்குதான். அவருக்குக் கோட்டையூர்ல வீடு இருந்தது, இவருக்கு மூணு தகரப்பெட்டி இருந்தது. நடுவுல இருந்திருக்க வேண்டியது ஒரு பல்கலைக்கழக நூலகம். அது தன் வேலையைச் செஞ்சிருந்தா, தனி மனுஷங்களோட வீட்டு அளவையும் கரையானையும் நம்பி ஒரு மொழியோட சினிமா வரலாறு தொங்கிக்கிட்டு இருக்காது.

தொங்கிக்கிட்டுதான் இருக்கு, மிகைப்படுத்தலை. நடராஜ முதலியார் சென்னையில எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப்படம் இன்னைக்கு இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படம்னு சொல்ற 1931ஆம் வருஷத்து 'காளிதாஸ்' இல்லை. புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஆரம்பிச்சதே 1964இல்தான். அதுக்குள்ள பிலிம் எரிஞ்சும் கரைஞ்சும் போச்சு. தென்னாட்டு மௌனப்படங்கள்ல 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' தப்பிச்சது எப்படித் தெரியுமா? சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வெச்சு எடுத்த படம். நாவல் பதிப்பாளர் உரிமை கேட்டு வழக்குப் போட, பிரதி அவங்ககிட்ட போய்ச் சேர்ந்து, புத்தகக் கிட்டங்கியில கிடந்தது. பல வருஷம் கழிச்சு அங்கே இருந்து எடுத்தாங்க. ஒரு சினிமாவைப் புத்தகக்காரன் காப்பாத்தினான், அதுவும் கோர்ட் தயவுல. படம் போனாலும் காகிதம் இருந்தா கொஞ்சமாவது மீட்கலாம். பல படங்களுக்கு மிச்சம் இருக்கிறது அந்த ரெண்டணாப் புத்தகம் மட்டும்தான்.

"சினிமாவுக்கு எதுக்கய்யா பல்கலைக்கழகத்துல இடம், ஏற்கெனவே நாடே சினிமாப் பைத்தியம்"னு ஒரு அறிவுஜீவி வாதம் உண்டு. சினிமாவுக்கு எழுதினவர்களும் நடிச்சவர்களுமா பல பேர் முதலமைச்சரா இருந்த மாநிலம் இது. அண்ணாவின் 'வேலைக்காரி'யும் (1949) கலைஞரின் 'பராசக்தி'யும் (1952) அரசியல் வரலாறா, இலக்கியமா, சினிமாவா? எந்த அலமாரியில வைப்பீங்க? பைத்தியம்னே வெச்சுக்குவோம். பைத்தியத்தைப் பத்திப் படிக்கவாவது கேஸ் கட்டு வேணாமா? தியடோர் பாஸ்கரன் தபால் துறை அதிகாரியா இருந்தவர். அவர் அரசு ஆவணங்களையும் பழைய காகிதத்தையும் தேடி உட்கார்ந்து எழுதினதாலதான் நமக்கு ஒரு 'மெஸேஜ் பேரர்ஸ்' இருக்கு. தமிழ்த்துறைகள் அதைச் செய்யறதுக்காக அவர் காத்துக்கிட்டு இருந்திருந்தா இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பார்.

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு. நூலகம் எப்படி இருக்கணும்னு உலகத்துக்கே அஞ்சு விதி எழுதிக் கொடுத்தவர் சீர்காழி ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1924இல் நூலகரா சேர்ந்தவர். புத்தகத்தைப் பூட்டி வைக்காதே, புழங்க விடு. எந்த வாசகனும் வெறுங்கையோட போகக் கூடாது. எந்தப் புத்தகத்துக்கும் எங்கேயோ ஒரு வாசகன் இருப்பான், இதுதான் அவர் சொன்னதோட சாரம். அந்த நூல் வெளிவந்த வருஷம் 1931. 'காளிதாஸ்' வந்த அதே வருஷம், அதே சென்னை! நான் எடுத்த 'டேன்ஸ்பரி ஹவுஸ்' அலமாரியில காத்துக்கிட்டு இருந்தது நம்ம சீர்காழிக்காரர் சொன்ன கணக்குலதான். விதி நம்ம ஊர்ல எழுதினது, நடக்கிறது இங்கே.

நூலகர்களைத் திட்டணும்னு இதை எழுதலை. ஆள் பற்றாக்குறை, காலி இடத்தை நிரப்பறதில்லை, பட்ஜெட் கிடையாது, தொலைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்கங்கிற பயம். எனக்கு வால்யூம் எடுத்துக் கொடுத்தவர் அம்பது வயசுக்கு மேல, ஏணியில ஏறி, தூசியில இருமிக்கிட்டே எடுத்தார். என் சண்டை அவரோட இல்லை. எது புத்தகம், எது புத்தகம் இல்லைன்னு முடிவு பண்ற அந்தத் திமிரோட. 'தரமானதை மட்டும் வைப்போம்'னு சொல்றது கேட்க நல்லாத்தான் இருக்கும். 1936இல் யாராவது தரம் பார்த்திருந்தா, சின்ன போலீஸ் வேஷத்துல வந்த ஆளோட படத்தை வெச்சிருப்பாங்களா? தரம் என்னன்னு ஐம்பது வருஷம் கழிச்சு வர்றவன் சொல்லட்டும். சொல்றதுக்கு அவன் கையில பொருள் இருக்கணும்.

இப்போ நம்ம ஆட்கள். "எல்லாம்தான் நெட்ல இருக்கே, எதுக்கு லைப்ரரி"ன்னு கேட்பீங்க. இருக்கு. 'டேன்ஸ்பரி ஹவுஸ்' மாதிரி காப்புரிமை முடிஞ்ச ஆங்கில நாவலை எல்லாம் இப்போ வீட்டுல உட்கார்ந்தே படிக்கலாம். எங்கே இருந்து வந்துச்சு அந்த ஸ்கேன்? 2004இல் கூகிள் போய் நின்னது மிச்சிகன், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக நூலக வாசல்லதான். எவனோ நூறு வருஷம் தூக்கிப் போடாம வெச்சிருந்தான், அதனால ஸ்கேன் பண்ண முடிஞ்சுது. நம்ம மதுரைத் திட்டமும் தமிழ் மின்நூலகமும் நூலகம் அமைப்பும் உழைக்கிற உழைப்புக்கு நான் கும்பிடு போடுறேன். அவங்களும் இருக்கிற காகிதத்தைத்தான் ஏத்த முடியும். கிலோ மூணு ரூபாய்க்குப் போனதை யார் ஸ்கேன் பண்றது?

அப்புறம் இன்னொண்ணு. 'உதிரிப்பூக்கள்' (1979) பத்தி எழுதுற அத்தனை பேரும் "புதுமைப்பித்தனின் சிற்றன்னையைப் படமாக்கினார் மகேந்திரன்"னு ஒரு வரி எழுதிட்டு நகர்ந்துடறீங்க. சிற்றன்னை ஒரு மணி நேரத்துல படிச்சுடலாம். படிச்சுப் பாருங்க. கடைசியில ஊரே ஆத்தங்கரையில நிக்குதே, அந்தக் காட்சி கதையில எங்கே இருக்குன்னு எனக்குக் காட்டுங்க. படத்தோட உயிரே அந்த இடம்தான், அது முழுக்க மகேந்திரனோடது. கதையைப் படிக்காம எழுதினா புதுமைப்பித்தனுக்கும் அநியாயம், மகேந்திரனுக்கும் அநியாயம். இதுக்குக் கடிதமும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு மணி நேரம். நாம அதைக்கூடச் செய்யாம, நூலகத்தைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு எனக்கே சில சமயம் தோணுது. பல்கலைக்கழக ஊர்ல இருக்கிற நண்பர்களே, போய்க் கேளுங்க. "பழைய பேசும் படம் இருக்கா, குண்டூசி இருக்கா"ன்னு கேளுங்க. இல்லைம்பாங்க. எழுத்துல கேளுங்க. பத்துப் பேர் கேட்டா, அடுத்த தடவை பைண்டருக்கு அனுப்பறப்போ அட்டையைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தராவது யோசிப்பார்.

நண்பருக்கு: 'சதி லீலாவதி' பத்தி மேலே எழுதியதுதான் என் பதில். மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, ஆனா எதைப் படிச்சுட்டுச் சொல்றீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

மூணு பெட்டின்னு சொன்னேன், ரெண்டுதான் ஆட்டோவுல ஏத்தினோம்னும் சொன்னேன். மூணாவது பெட்டி சின்னத் தாத்தா மகள், எங்க சித்தி வீட்டுப் பரண்ல இருக்கிறதா போன மாசம்தான் தெரிஞ்சுது. போன்ல கேட்டேன். "இருக்குடா, மேல பழைய குடமெல்லாம் வெச்சிருக்கேன், எறக்கணும்னா ஆள் வேணும்"னாங்க. எதையும் தொடாதீங்க சித்தின்னு சொல்லியிருக்கேன். ஜனவரியில வர்றேன். இந்தத் தடவை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகப் போறதில்லை. நேரா தரமணிதான்.